மாணவரின் புதுத் தொழிலும் குடியானவரின் வயலும்

விவசாயக் கல்லூரிகளிற் பயிலும் மாணவர் பட்டம் பெற்றவுடன் உத்தியோகத்தை நாடிச் செல்வதே நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். சில வருஷங்களாக இவ்வழக்கம் சிறிது மாறி வருகின்றது. தாமே ஒரு கருவியையோ, உரத்தையோ, உணவுப் பண்டத்தையோ புதிதாக அமைத்து, அதனைக்கொண்டு சொந்தமாகத் தொழில் நடத்த முற்படும் மாணவரும் உளர். இத்தகைய தொழிலை ஸ்டார்ட்அப் என்றும், தமிழில் புத்தொழில் என்றும் அழைக்கின்றனர். இவர்களை ஆதரித்து வளர்க்கும் பொருட்டு சர்வகலாசாலைகளில் இன்குபேட்டர் எனப்படும் நிலையங்கள் ஏற்பட்டுள்ளன. அவற்றை இக்கட்டுரையில் அடைகாப்பகம் என்று வழங்குவோம்.

இவை பட்டணத்து விஷயம் என்று நம்மவர் எண்ணிவிடுதல் தகாது. அடைகாப்பகத்திலிருந்து புறப்படும் மாணவர் முடிவில் வந்து சேரும் இடம் கிராமமே. "ஐயா, எங்கள் மருந்தைப் பரீக்ஷிக்க உங்கள் வயலிற் கால் ஏக்கர் வேண்டும்" என்று அவர் கேட்கும்போது, நிலத்துக்குடையவர் யாது விடை சொல்வது? யோசியாமல் இசைந்தால் ஒரு போகத்து மகசூல் நஷ்டமாகலாம். எவரும் இசையாவிடில், நல்ல காரியமும் வயலைக் காணாமலே மடிந்துபோகும். கேட்பவர் நம் சொந்த மகனாகவோ மகளாகவோ இருந்தால் கேள்வி இன்னும் கடினமாகின்றது. அப்போது கால் ஏக்கரன்று, நிலத்தின் பத்திரமே ஈடாகக் கேட்கப்படும். இவ்விரண்டு கேள்விகளுக்கும் தக்க விடை காண்பதற்கு, அடைகாப்பகம் என்பது யாது, அது எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய வல்லதன்று என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பெயர் வந்த வரலாறு

இப்பெயர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியிலிருந்தே வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த படேவியா என்னும் சிறு பட்டணத்தில், மாஸி ஹாரிஸ் கம்பெனியாரின் விவசாய யந்திரத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1950-களில் அது மூடப்பட்டது. அறுவடை யந்திரங்கள் செய்துவந்த அக்கட்டடம், ஏறக்குறைய எட்டரை லட்சம் சதுர அடி பரப்புள்ளது. தொழிற்சாலை போனதும் ஊரிற் பலர் வேலையிழந்து தவித்தனர்.

அவ்வூரில் வியாபாரம் செய்துவந்த மான்குஸோ குடும்பத்தார் கட்டடத்தை விலைக்கு வாங்கினர். குடும்பத்தில் ஒருவராகிய ஜோஸப் மான்குஸோ அதன் நிர்வாகத்தை ஏற்றார். அத்துணைப் பெரிய இடத்தை ஒருவரே குடியெடுக்க முன்வரவில்லை. ஆகவே அவர் அதனைப் பல பகுதிகளாகப் பிரித்து, 1959-ஆம் ஆண்டு முதற்கொண்டு சிறு தொழிலாளர்க்கு வாடகைக்கு விடலானார். இடம் கொடுத்ததோடு நில்லாமல், கணக்கெழுதுதல், பணம் திரட்டுதல் முதலிய காரியங்களிலும் அவர்களுக்கு உதவி புரிந்தார். முதலிற் குடிவந்தவர்களுள் கோழிக்குஞ்சு பொரிப்பவர் ஒருவரும் இருந்தார். வருவோர்க்குக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டும்போது, "இங்கே குஞ்சும் பொரிக்கிறது, தொழிலும் பொரிக்கிறது" என்னும் கருத்துப்படி மான்குஸோ வேடிக்கையாகச் சொல்லிவர, இன்குபேட்டர் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. விவசாய யந்திரத் தொழிற்சாலையிற் பிறந்து, கோழிப்பண்ணையினின்று பெயர் பெற்ற ஏற்பாடு நமக்கு அந்நியமாகத் தோன்ற வேண்டுவதில்லை.

முட்டையும் யோசனையும்

கோழி வளர்ப்போர் யாவரும் அறிந்தபடி, முட்டை குஞ்சாவதற்கு 21 நாட்கள் செல்லும். பெட்டியில் வைத்துப் பொரிக்குமிடத்து, உஷ்ணம் பாரன்ஹீட் 100 டிகிரி அளவில் ஏற்றத்தாழ்வின்றி இருத்தல் வேண்டும். முட்டைகளை நாள்தோறும் பல தடவை புரட்டி வைத்தல் வேண்டும். புரட்டாவிடில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு கெடும். ஏழாம் நாளளவில் ஒவ்வொரு முட்டையையும் விளக்கின்முன் பிடித்துப் பார்த்து, கருக்கூடாத கூமுட்டைகளை அப்புறப்படுத்தல் வேண்டும். குஞ்சு வெளிவந்து உலர்ந்தபின், அதனைப் பெட்டியிலேயே வைத்திராமல் எடுத்துவிட வேண்டும்.

தொழிலை அடைகாப்பதும் இம்முறையே. உஷ்ணம் என்பது மாணவருக்குக் கிடைக்கும் இடம், கருவிகள், பரீக்ஷைச்சாலை, ஆசிரியரின் புத்திமதி, சிறு பணம் ஆகியவை. புரட்டுதல் என்பது, கொண்டுவந்த யோசனையைப் பலவகைக் கேள்விகளால் இப்படியும் அப்படியுமாகச் சோதித்தல். இதை யார் வாங்குவார்? இப்போது அவர் என்ன செய்து சமாளிக்கிறார்? என்ன விலைக்குக் கொடுத்தால் அவருக்குக் கட்டும்? இக்கேள்விகளைக் கேளாமல் விட்டால், மாணவரின் மனம் முதல் யோசனையிலேயே ஒட்டிக்கொண்டு விடும். விளக்கின்முன் பிடித்தல் என்பது, குறிப்பிட்ட காலத்தில் நிர்த்தாக்ஷிண்யமாகப் பரீக்ஷித்து, தேறாதவற்றை நிறுத்திவிடுதல். குஞ்சை வெளியே எடுத்தல் என்பது, தவணை முடிந்ததும் தொழிலைச் சொந்தக் காலில் நிற்க அனுப்பிவிடுதல்.

எவ்வளவு உஷ்ணம் கொடுத்தாலும் கூமுட்டை குஞ்சாகாது. வாங்குவோர் இல்லாத பண்டத்துக்கு எவ்வளவு பணம் கொட்டினாலும் அது தொழிலாகாது. அடைகாப்பகத்தின் பெரும் பயன் எல்லா முட்டையையும் பொரிக்கச் செய்வதன்று. கூமுட்டையைச் சீக்கிரத்திலும், சொற்ப நஷ்டத்திலும் கண்டுகொள்வதே அதன் பயன். இதனை நம் வாசகர்கள் நினைவில் வைப்பார்களாக. பின்வருவன யாவும் இதனின்றே பெறப்படும்.

சர்வகலாசாலைகளில் நடந்தவை

அடைகாப்பகம் என்னும் பெயர் ஏற்படுமுன்னரே, நல்லாசிரியர் சிலர் இவ்வேலையைச் செய்ததுண்டு. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையிற் பேராசிரியராயிருந்த பிரடெரிக் டெர்மன், தம் மாணவராகிய ஹ்யூலெட், பாக்கர்ட் இருவரையும் சொந்தத் தொழில் தொடங்கும்படி தூண்டினார். அவர்கள் 1939-ல் பாலோ ஆல்டோ நகரில் ஒரு மோட்டார்க் கொட்டகையில், 538 டாலர் முதலுடன் தொழிலைத் தொடங்கினர். அவர்கள் செய்தது ஒலியைச் சோதிக்கும் மின்கருவி. சினிமாப் படம் எடுக்கும் வால்ட் டிஸ்னி கம்பெனியார் தொடக்கக் காலத்திலேயே எட்டுக் கருவிகளை வாங்கினர். ஆசிரியரின் ஆதரவும், நியாயமான விலை கொடுத்து வாங்கிய ஆரம்ப வாடிக்கைக்காரருமே அத்தொழில் வேரூன்றுவதற்கு உதவின.

அமெரிக்காவில் சர்வகலாசாலையொன்று தானே முறையாக அடைகாப்பகம் நடத்த முற்பட்டது 1980-ல். நியூயார்க் ராஜ்யத்து டிராய் நகரிலுள்ள ரென்ஸலேர் பாலிடெக்னிக் கலாசாலை அதனை நிறுவிற்று. அங்குப் பயின்ற மாணவர் நால்வர் 1986-ல் மேப்இன்போ என்னும் கம்பெனியைத் தொடங்கினர். பிரயாணிகளுக்கு வழிகாட்டும் சாதனம் செய்யவேண்டும் என்பதே அவர்களது முதல் எண்ணம். பின்னர் அதனை விட்டு, வியாபாரிகள் தங்கள் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் பூகோளப் படத்தின்மேல் வைத்துப் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்தனர். தொழில் செழித்து, 2007-ல் பிட்னி போஸ் என்னும் பெருங்கம்பெனியார் அதனை விலைக்கு வாங்கினர்.

நமது நாட்டிலும் ஒப்பான உதாரணம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யிற் படித்துத் தேறிய தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் என்னும் இருவர், அக்கலாசாலையின் ஆதரவில் 2013-ல் ஏதர் எனர்ஜி கம்பெனியைத் தொடங்கினர். மின்சார ஸ்கூட்டர்களுக்கு வேண்டிய பாட்டரிகளை மட்டும் செய்து விற்பதே அவர்கள் முதலில் எண்ணியது. அப்போதிருந்த வண்டிகளே திருப்திகரமாக இல்லை என்று கண்டு, வண்டி முழுவதையும் தாமே அமைக்கத் துணிந்தனர். அவர்களது வண்டி வாடிக்கைக்காரர் கைக்கு வந்தது 2018-லேதான். பின்னர் ஓசூரில் தொழிற்சாலை ஏற்பட்டது.

இவ்வுதாரணங்களினின்று இரண்டு பாடங்கள் பெறலாம். முதலாவது, வெற்றிபெற்ற தொழிலிலும் முதல் யோசனை அப்படியே நிலைப்பது அரிது. மாற்றிக்கொள்ள இடங்கொடுப்பதே அடைகாப்பகத்தின் சிறப்பு. இரண்டாவது, பலன் காண ஐந்து வருஷமும் செல்லும். ஒரே வருஷத்தில் பணம் இரட்டிக்கும் என்று சொல்பவரை நம்புதல் கூடாது.

நமது தேசத்து ஏற்பாடுகள்

மத்திய சர்க்கார் 1982-ல் விஞ்ஞானத் தொழில் முனைவோருக்கென ஒரு தேசிய வாரியத்தை ஏற்படுத்தினர். அதன் ஆதரவில் 1986-ல் திருச்சிராப்பள்ளியில், அப்போதைய பிராந்திய எஞ்சினீயரிங் கல்லூரியைச் சார்ந்து ஒரு தொழில்முனைவோர் பூங்கா நிறுவப்பட்டது. இவ்வகை நிலையங்களில் இந்தியாவிலேயே முந்தியவற்றுள் அது ஒன்று. விவசாயத் துறையில், ஹைதராபாத்தை அடுத்த படான்செருவிலுள்ள இக்ரிஸாட் ஆராய்ச்சி நிலையம் 2003-ல் விவசாயத் தொழில்களுக்கென அடைகாப்பகம் தொடங்கிற்று.

1868-ல் சைதாப்பேட்டையில் விவசாயப் பள்ளியாகத் தோன்றி, பின்னர் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டு, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நமது கலாசாலையும் இவ்வேலையில் ஈடுபட்டுள்ளது. மத்திய சர்க்கார் 2018-19-ஆம் ஆண்டில் ராஷ்ட்ரீய கிருஷி விகாஸ் யோஜனாவின் கீழ், விவசாயப் புத்தொழில்களுக்கென ஒரு திட்டத்தை வகுத்தனர். அதனை நடத்தத் தெரிந்தெடுக்கப்பட்ட நிலையங்களுள் கோயம்புத்தூர்ப் பல்கலைக்கழகமும் ஒன்று. அத்திட்டத்தின் விதிகளின்படி, யோசனை நிலையிலுள்ளவர்க்கு இரண்டு மாதப் பயிற்சியும், பயிற்சிக்காலத்தில் மாதம் ரூ.10,000 உதவிச் சம்பளமும் உண்டு. யோசனையை உருவாக்கிப் பார்க்க ரூ.5 லட்சம் வரையிலும், தொழிலை நடத்தத் தொடங்குவோர்க்கு ரூ.25 லட்சம் வரையிலும் மானியம் அளிக்க இடமுண்டு. மதுரை விவசாயக் கல்லூரியில் நபார்டு வங்கியின் உதவியுடன் மற்றொரு அடைகாப்பகமும் ஏற்பட்டுள்ளது.

விவசாயத்துக்குரிய விசேஷ இடையூறு

பட்டணத்துத் தொழிலுக்கும் விவசாயத் தொழிலுக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. கம்ப்யூட்டரில் வேலை செய்யும் மாணவர் காலையிற் கண்ட பிழையை மாலையில் திருத்தி, மறுநாள் மீண்டும் சோதிக்கலாம். பயிரிற் சோதிப்பவருக்கு அது முடியாது. குறுவை நெல்லுக்கு நூற்றைந்து முதல் நூற்றிருபது நாட்கள் செல்லும். சம்பாவுக்கு அதனினும் அதிகம். ஒரு பட்டம் தவறினால் அடுத்த பட்டம் வரையிற் காத்திருத்தல் வேண்டும். நான்கு வருஷப் படிப்பின் கடைசி வருஷத்தில் யோசனை தோன்றிய மாணவருக்கு, கல்லூரியை விட்டுப் போகுமுன் ஒரு போகம் அல்லது இரண்டு போகமே கைக்கு எட்டும்.

இதனினும் முக்கியமான பேதம், நஷ்டம் யாருடையது என்பது. மற்றத் தொழில்களிற் சோதனை தவறினால், பெரும்பாலும் சோதித்தவரின் காகிதமும் நேரமுமே வீணாகும். விவசாயத்திற் சோதனை தவறினால், சோதிக்க இடங்கொடுத்தவரின் நெல் வீணாகின்றது. மாணவர் அடுத்த யோசனைக்குப் போய்விடலாம்; குடியானவர் அடுத்த அறுவடை வரையிற் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும். ஆகையால் நஷ்டத்தைப் பற்றி முன்கூட்டியே பேசிக்கொள்வது அவநம்பிக்கையன்று. அதுவே காரியத்தின் அஸ்திவாரமாகும்.

நிலையம் தொடங்குவோர் கவனிக்க வேண்டியவை

கட்டடமும் பெயர்ப்பலகையும் அமைத்துவிட்டால் அடைகாப்பகம் ஆகிவிடாது. தொடங்குவோர் பின்வருவனவற்றை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளல் நலம்.

முதலாவது, நிர்வாகம். கல்லூரியின் சாதாரணக் கணக்கோடு கலந்துவிடாமல், பதிவு செய்த சங்கமாகவோ, லாபநோக்கமற்ற கம்பெனியாகவோ இதனைத் தனியே அமைத்து, தனிக் கணக்கு வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. முழுநேரமும் இதற்கே உழைக்கும் ஒரு நிர்வாகி இன்றியமையாதவர்.

இரண்டாவது, உரிமை. கல்லூரிக் கருவிகளைக்கொண்டு மாணவர் கண்டுபிடித்தது கல்லூரிக்குச் சொந்தமா, மாணவருக்குச் சொந்தமா? உதவிக்குப் பதிலாக நிலையம் தொழிலிற் பங்கு கேட்குமாயின், அது எத்துணை? இவை முதல் நாளே எழுத்தில் இருத்தல் வேண்டும். சாகுபடி முறைகளுக்கு நமது 1970-ஆம் வருஷத்துப் பேடண்ட் சட்டத்தின்கீழ் தனியுரிமை கிடையாது என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் நலம்.

மூன்றாவது, பட்டம். மானியப் பணம் ஐப்பசியில் கைக்கு வருமாயின் குறுவை போயிருக்கும். சம்பா நடவும் முடிந்திருக்கும். தெரிந்தெடுத்தல், பணம் கொடுத்தல், அறிக்கை கேட்டல் ஆகிய எல்லாவற்றையும் சாகுபடிக் காலத்தை அனுசரித்து அமைக்க வேண்டும். மார்ச்சுக் கணக்கை மட்டும் அனுசரித்தால், பயிர் இல்லாத காலத்தில் பயிர்ச்சோதனை நடந்ததாக அறிக்கை எழுதும் நிலை வரும்.

நான்காவது, தவணை. எத்தனை போகத்துக்குள் என்ன பலன் தெரிய வேண்டும் என்று வரையறுத்து, தெரியாவிடில் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தப்பட்ட மாணவரைத் தோற்றவராக இகழ்தல் கூடாது. கால் ஏக்கரில் ஒரு பிழையைக் கண்டறிந்தவர், அப்பிழை ஆயிரம் ஏக்கருக்குப் பரவாமற் காத்தவராவார்.

வயலைக் கொடுக்குமுன் கேட்க வேண்டியவை

மாணவர் வந்து வயலைக் கேட்டால், கீழ்க்கண்டவற்றை விசாரித்தபின் சம்மதிக்கலாம்.

1. எவ்வளவு நிலம்? மொத்த நிலத்திற் சிறு பகுதியையே கொடுத்தல் வேண்டும். உதாரணமாக, ஐந்து ஏக்கர் உள்ளவருக்கு ஏக்கருக்கு 28 மூட்டை வீதம் 140 மூட்டை காண்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் 25 சென்டு ஒதுக்கி, அதிற் பாதியிற் புது மருந்தையும் மறுபாதியில் வழக்கமான முறையையும் கையாண்டால், சோதனைப் பகுதி முழுவதும் அழிந்தாலும் நஷ்டம் மூன்றரை மூட்டையே. அதாவது மகசூலில் நாற்பதில் ஒரு பங்கு. ஐந்து ஏக்கரையும் கொடுத்தவருக்கு அதே தவறு ஒரு போகத்துச் சாப்பாட்டையே போக்கிவிடும்.

2. ஒப்பிடுவதற்குப் பாத்தி உண்டா? அருகருகே, ஒரே மண்ணில், ஒரே நாளில் நட்டு, ஒரே விதமாகத் தண்ணீர் பாய்ச்சிய இரண்டு பாத்திகள் இருந்தாலன்றிப் பலன் புலப்படாது. நல்ல மழை பெய்த வருஷத்திற் கண்ட மகசூலை மருந்தின் மகிமை என்று சொல்லிவிடுதல் எளிது. அறுவடையைத் தனித்தனியே அடித்துத் தூற்றி, நிறுத்து எழுத வேண்டும். ஒரு வயலின் பலனைக்கொண்டு முடிவு செய்யாமல், மூன்று நான்கு ஊர்களிற் சோதித்த பின்னரே நம்புதல் தகும்.

3. அநுமதி உண்டா? பூச்சிமருந்தாயின் 1968-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுக்கு முன் நடத்தும் சோதனைக்குத் தனி அநுமதி தேவை. உரங்கள் 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவுக்கு உட்பட்டவை. பயிர் ஊக்கிகள் எனப்படும் பொருள்களும் 2021 முதல் அதில் சேர்க்கப்பட்டுள்ளன. மருந்து தெளிக்கும் டிரோன் என்னும் பறக்கும் யந்திரமாயின், 2021-ஆம் வருஷத்து விதிகளின்படி யந்திரம் பதிவு பெற்றதா, இயக்குபவர் சான்றிதழ் உடையவரா என்று பார்த்தல் வேண்டும். சீட்டில்லாத சீசாவில் எதைக் கொண்டுவந்தாலும் வயலில் இறக்கவிடலாகாது.

4. நஷ்டம் நேர்ந்தால் யார் கொடுப்பது? புதிய பயிர் ரகங்களையும் உழவர் உரிமைகளையும் காக்கும் 2001-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பதிவு பெற்ற ரகத்தின் விதையை விலைக்கு வாங்கி, சொன்ன பலனைக் காணாத குடியானவர் நஷ்டஈடு கோரலாம். ஆனால் இனாமாகக் கொடுக்கப்பட்ட, பதிவு பெறாத சோதனை விதைக்கு இப்பாதுகாப்பை எதிர்பார்த்தல் இயலாது. ஆகவே மறுபாத்தியின் மகசூலை அளவாகக் கொண்டு, சோதனைப் பாத்தியிற் குறைந்ததற்கு அன்றைய விலைப்படி ஈடு செய்வதாக எழுதி வாங்குதல் வேண்டும். எழுதிக்கொடுப்பவர் மாணவராக மட்டும் இராமல், அடைகாப்பகமும் கையெழுத்திட வேண்டும். மாணவர் படிப்பு முடிந்து போய்விடுவார். நிலையம் இருந்த இடத்தில் இருக்கும்.

5. விளைந்ததை உண்ணலாமா? சோதனைப் பாத்தியின் தானியத்தையும் வைக்கோலையும் மனிதரும் கால்நடைகளும் உண்ணலாமா, அழித்துவிட வேண்டுமா என்பதைத் திட்டமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இக்கேள்விகளுக்கு நேரான விடை சொல்லும் மாணவருக்கு மனமுவந்து இடங்கொடுக்கலாம். விடை தெரியாதவரை விரட்டிவிட வேண்டுவதில்லை. விசாரித்துக்கொண்டு வரும்படி திருப்பியனுப்பினால் போதும். அக்கேள்விகளே அவருக்கு ஒரு பாடமாகும்.

குடியானவர் செய்யத்தக்க உதவி

வயல் கொடுத்தலைக் காட்டிலும் பெரிய உதவி, உண்மையைச் சொல்லுதல். படித்த பிள்ளை முகம் வாடுமே என்று எண்ணி, பயனற்ற கருவியையும் நன்றாயிருக்கிறது என்று புகழ்ந்து அனுப்பிவிடுவது நம்மவர் தாக்ஷிண்யம். அப்புகழ்ச்சியை நம்பி அம்மாணவர் கடன் வாங்கி, நூறு கருவி செய்து, விற்க முடியாமல் திகைப்பார். "இதன் பாரம் அதிகம், பெண்கள் தூக்க மாட்டார்கள். எங்கள் வரப்பின் அகலத்துக்கு இச்சக்கரம் ஓடாது. இந்த விலைக்கு நான் வாங்கேன், பாதி விலையானால் வாங்குவேன்" என்று சொல்லுதலே அவருக்குச் செய்யும் உபகாரம்.

இரண்டாவது உதவி, பண்டம் நல்லதென்று கண்டால், இனாமாகக் கேளாமல் விலை கொடுத்து வாங்குதல். இனாமாகப் பெற்றவர் நூறு பேர் புகழ்வதைக் காட்டிலும், விலை கொடுத்த ஒருவர் மறுபடியும் வந்து கேட்பதே தொழிலுக்கு நற்சாட்சி.

கிராம அதிகாரிகளும் இதில் ஆற்றக்கூடிய பணி உண்டு. விவசாயக் கல்லூரி மாணவர் படிப்பின் பகுதியாகக் கிராமங்களில் தங்கிப் பழகுவது ஏற்கெனவே உள்ள வழக்கம். அத்தருணத்தில் கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும், ஊரில் எவ்வகை நிலம் எவ்வளவு, எப்பயிர்க்கு ஆள் கிடைப்பதில்லை, எவ்விளைபொருள் விலையின்றி அழுகுகின்றது என்பனவற்றை மாணவர்க்கு எடுத்துரைக்கலாம். கல்லூரி அறையில் உட்கார்ந்து கற்பனை செய்த குறையைக் காட்டிலும், ஊரிற் கண்ட குறையே நல்ல தொழிலுக்கு வித்தாகும். மேற்சொன்ன உடன்படிக்கை எழுதும்போது சாட்சியாக நிற்பதும், அறுவடை நாளில் எடைபோடும்போது உடனிருப்பதும் இரு தரத்தாருக்கும் நம்பிக்கையளிக்கும்.

சொந்தப் பிள்ளை கேட்டால்

இனி எல்லாவற்றிலும் கடினமான கேள்விக்கு வருவோம். கல்லூரியினின்று திரும்பிய மகனோ மகளோ, "அப்பா, நிலத்தை ஈடு வைத்துப் பணம் கொடுங்கள், தொழில் தொடங்குகிறேன்" என்று கேட்டால் என்ன செய்வது?

உடனே மறுத்துச் சர்க்கார் உத்தியோகத்துக்கு விரட்டுவதும், பாசத்தால் உடனே பத்திரத்தை எடுத்துக் கொடுப்பதும் ஆகிய இரண்டும் தவறு. யோசனை நிலையில் உள்ள தொழிலுக்கு நிலத்தை ஈடு வைத்தல் எக்காரணத்தாலும் தகாது. அந்நிலையிற் பல யோசனைகள் கூமுட்டையாகவே முடியும் என்பது யாவரும் அறிந்ததே. அச்சிறு நஷ்டத்தைத் தாங்குவதற்காகவே அடைகாப்பகமும், திருப்பிக் கொடுக்க வேண்டாத மானியமும் ஏற்பட்டுள்ளன. ஆகவே தந்தை சொல்லத்தக்க விடை இது: "முதலில் அடைகாப்பகத்தில் விண்ணப்பம் செய். உன் யோசனையை உனக்கு உறவல்லாதவர் பரீக்ஷிக்கட்டும். நம் வயலிற் கால் ஏக்கரும், இரண்டு போகத்துக்குச் சாப்பாடும் இருக்க இடமும் நான் தருகிறேன். அதற்குள் உறவல்லாத பத்துப் பேர் விலை கொடுத்து வாங்கினார்கள் என்று கணக்குக் காட்டு. அப்பால் பாங்கிக் கடனைப் பற்றிப் பேசுவோம்."

இவ்விடையில் மறுப்பும் இல்லை. கண்மூடிய சம்மதமும் இல்லை. இரண்டு போகத்தில் யோசனை பலிக்காவிடினும் நிலம் நம்முடையதாகவே இருக்கும். பிள்ளையும் கணக்கெழுதவும், வாங்குவோரிடம் பேசவும், தன் தவறைத் தானே ஒப்புக்கொள்ளவும் கற்றிருப்பான். அக்கல்வி சொந்தச் சாகுபடியை நடத்தவும் உதவும். தொழிலுக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கும் இவ்வாதரவைக் குறைவின்றி அளித்தல் பெற்றோர் கடன்.

முடிவாக, அடைகாப்பகம் என்பது பணம் பங்கிடும் சத்திரமன்று. பெயருக்கு நடத்தும் கண்காட்சியுமன்று. புதிய யோசனையைச் சிறு இடத்தில், சிறு நஷ்டத்தில், குறித்த காலத்துக்குள் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு. கட்டடமும் கருவியும் சர்வகலாசாலை தரும். மானியத்தைச் சர்க்கார் தரும். ஆனால் விளக்கின்முன் பிடித்துப் பார்க்கும் வேலையை வயலும் வயலுக்குடையவருமே செய்ய முடியும். ஆகையால் நமது மிராசுதாரர்களும் கிராம அதிகாரிகளும், வரும் மாணவரை அன்போடு வரவேற்று, கேட்க வேண்டியவற்றைத் தவறாமற் கேட்டு, கொடுக்கக்கூடியதை அளவோடு கொடுத்து, கண்டதை உள்ளபடி உரைப்பார்களாக.